நூற்றுப் பதினெட்டு மைக்ரான்

ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் கதவில், கைப்பிடிக்கு ஒரு சாண் கீழே, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு மங்கல் இருந்தது. துடைத்தால் போனது. துணியை மடித்து வைப்பதற்குள் திரும்ப வந்தது.

முதல் இரண்டு தடவை அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புது வண்டியில் அழுக்கே இருக்காது என்று நினைப்பவர்கள் புது வண்டியைக் கிட்டே போய்ப் பார்க்காதவர்கள். தொழிற்சாலையிலிருந்து விற்பனைக் கூடம் வந்து சேர்வதற்குள் அதன்மேல் படியாத தூசி கிடையாது. ரயிலில் ஏற்றி வரும்போது தண்டவாளத்தில் உரசிப் பறக்கும் இரும்புத்தூள் பெயிண்டில் முள்ளாகக் குத்திக்கொண்டு நிற்கும். கூடத்தில் யாராவது காய்ந்த துணியை எடுத்துப் பரபரவென்று தேய்த்து, சிலந்தி வலை மாதிரி ஆயிரம் மெல்லிய கீறல்களைப் பின்னி வைத்திருப்பார்கள். வெள்ளை வண்டி இதையெல்லாம் மூடி மறைத்துக்கொள்ளும். கறுப்புக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. நல்ல கறுப்பைப் பார்க்கிறவன் கறுப்பைப் பார்ப்பதில்லை. தன் முகத்தைத்தான் பார்க்கிறான்.

அதனால் முறைப்படியே போனான். ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். கதவில் பட்ட துணி அலசாமல் மறுபடி சோப்புக்குள் போகக் கூடாது. அப்புறம் இதற்கென்றே விற்கிற களிமண் கட்டியை நீரில் வழுக்கவிட்டு, குத்திய துகள்களை உருவி எடுத்தான். கடைசியில் ஸ்பிரிட் தெளித்து ஒரு துடை. உள்ளங்கையால் தடவினால் கண்ணாடி தோற்றது.

மங்கல் மட்டும் அங்கேயே இருந்தது.

"கல்யாணத்துக்கு முன்னாடி என் மூஞ்சியக்கூட நீங்க இவ்ளோ நேரம் பாத்ததில்ல, மைக்ரான் சார்," என்றது வண்டிக்குள்ளிருந்து ஒரு குரல்.

அவன் மனைவி. வண்டியின் வெளிப்புறம் அவன் பொறுப்பு, உட்புறம் அவள் பொறுப்பு. வண்டிகளைக் கழுவிப் பளபளப்பாக்கும் இந்தக் கடை தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான். 'மைக்ரான்' அவள் வைத்த பெயர். பெயிண்டின் தடிமனை மைக்ரான் கணக்கில் அளக்கும் ஒரு சின்னக் கருவியைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டு வாசலில் நிற்கும் வண்டியைக்கூட அளந்து பார்க்கிறவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? ஊருக்கு எதிரே 'ஏங்க'. இருவர் மட்டும் இருந்தால் 'மைக்ரான்'.

"விரல் எப்படி இருக்கு?"

"விரலா? பார்சல் மாதிரி இருக்கு."

காலையில் பிளேடு அவளுடைய இடது கட்டைவிரலைப் பதம் பார்த்துவிட்டது. பஞ்சு இருந்தது, பிளாஸ்திரி இல்லை. பெயிண்ட் விளிம்புகளில் ஒட்டுவதற்கு வைத்திருந்த நீல டேப்பை அவனே மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தான். அவள் அந்த நீலக் கட்டைவிரலை ஜன்னலுக்கு மேலே தூக்கி ஆட்டிக் காட்டினாள்.

வண்டியின் சொந்தக்காரி ஒரு பல் டாக்டர். எதையும் ஏன், எப்படி என்று கேட்கிற மனுஷி. காலையில் சாவியைக் கொடுக்கும்போதே அந்த மங்கலைத் தொட்டுக் காட்டினார். "இத ஷோரூம்லயே பாத்தேன். அந்தப் பையன் மூணு தடவ துடைச்சான். அஞ்சு மணிக்கு வரேன். எடுத்தா மட்டும் போதாது, எப்படி எடுத்தீங்கன்னு எனக்குச் சொல்லணும்."

சொல்கிறேன் என்று அவன் வாக்குக் கொடுத்திருந்தான். எப்படி என்று விளக்குவதைவிட அவனுக்குப் பிடித்த காரியம் உலகத்தில் இல்லை.

கடைக் கொட்டகையின் ஷட்டரை இறக்கினான். இந்த வேலைக்கு வெளிச்சமும் காற்றும் ஆகாது. காற்று தூசியைக் கொண்டுவரும். பரவலான வெளிச்சத்தில் எல்லாப் பெயிண்டும் நல்ல பெயிண்ட்தான். குறையைப் பார்க்க வேண்டுமானால் இருட்டாக்கிவிட்டு, ஒரே ஒரு கை விளக்கைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். வெளியே பட்டப்பகல், ஒரு மணி. உள்ளே தகரத்தின் சூடும், ஸ்பிரிட்டின் குளிர்ந்த வாசனையும், குழாய் முனையிலிருந்து ஈரத் தரையில் சொட்டிய தண்ணீரின் சத்தமும், நடுவில் இருட்டைவிட ஒரு படி கூடுதலாக இருண்டு நின்ற அந்த வண்டியும்.

விளக்கைச் சாய்த்தான். மங்கல் இருந்தது. மெதுவாகக் குறைந்தது. இல்லாமல் போனது. பிறகு நடுவிலிருந்து விளிம்புக்குப் பரவி, மறுபடி வந்தது.

அவன் மனத்துக்குள் எண்ணினான். நாலு எண்ணுவதற்குள் வந்தது. நாலு எண்ணுவதற்குள் போனது. தவறாமல்.

குளிர்ந்த கண்ணாடியில் ஊதினால் படிவதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. நம்முடைய மூச்சுதான் படுகிறது என்று நினைத்து, விளக்கை அசைக்காமல் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

மங்கல் வந்தது. போனது. வந்தது.

"ஏய், கொஞ்சம் மூச்சப் பிடி."

"எதுக்கு?"

"பிடியேன்."

"நான் என்ன டாக்டர்கிட்ட எக்ஸ்ரே எடுக்கவா வந்திருக்கேன்?" என்றாலும் கன்னத்தை உப்பிக்கொண்டு பிடித்தாள். உள்ளே பின்சீட்டில் அவள். வெளியே முட்டிபோட்டு அவன். கொட்டகையில் வேறு ஈ காக்கை கிடையாது. இரண்டு பேரும் மூச்சை அடக்கியிருந்த அந்த நிசப்தத்தில், மூன்றாவது யாரோ நிதானமாக விட்ட மூச்சு கதவில் படிந்தது, மறைந்தது.

அவனுக்கு முதுகுத்தண்டில் ஓர் ஈரம் இறங்கியது. ஆனாலும், எப்படி என்று தெரிந்துவிட்டால் பயம் போய்விடும் என்று நம்புகிற ஆள் அவன். நுனி மெல்லிய மார்க்கர் பேனாவால் மங்கலின் மேலேயே ஒரு புள்ளி வைத்தான். வெளியிலிருந்து படிகிற ஆவி என்றால் புள்ளியும் சேர்ந்து மங்க வேண்டும். மங்கல் வந்தது. புள்ளி துல்லியமாக, கரேலென்று, அதற்கு முன்னால் நின்றது.

அப்படியானால் அது பெயிண்டுக்கு மேலே இல்லை. உள்ளே இருந்து படிகிறது.

கதவின் தகடு, அதன்மேல் ஒட்டுப்பூச்சு, அதன்மேல் கறுப்பு, எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத ஒரு வார்னிஷ். நாம் பளபளப்பு என்று சொல்வது அந்த வார்னிஷைத்தான். கருவியைக் கதவில் வைத்தான். மொத்தம் நூற்றுப் பதினெட்டு மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமன் எழுபது என்று வைத்துக்கொண்டால், ஒன்றரை முடிக்குக் கொஞ்சம் கூடுதல். அதில் வார்னிஷின் பங்கு அரை முடிகூட இருந்தால் அதிகம். பாலிஷ் போடுவது என்றால் மேலே எதையோ தடவுவது என்று வண்டிக்காரர்கள் நினைக்கிறார்கள். தடவுவதில்லை, சீவுவது. கீறலின் அடி மட்டம் வரை வார்னிஷைச் சீவிவிட்டால் கீறல் இல்லை. ஒவ்வொரு தடவையும் மூன்று முதல் ஐந்து மைக்ரான் வரை போய்விடும், போனது திரும்பாது.

"புது வண்டிங்க. விடுங்க. அப்படியே கோட்டிங்கப் போட்டுக் குடுத்துடலாம்," என்றாள் அவள்.

அங்கேயே விட்டிருக்கலாம். ஆனால் வேலையில் ஒரு புள்ளி தங்கிவிட்டால் சோறு இறங்காதவன் அவன். வார்னிஷுக்குள் ஈரம் சிக்கியிருக்கிறது, இரண்டு சீவு சீவினால் வெளியேறிவிடும் என்று தனக்குத்தானே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டு, இயந்திரத்தில் ஸ்பாஞ்சை மாட்டினான்.

இயந்திரம் தேனீப் பெட்டி போல முனகியது. குறுக்கே நாலு இழுப்பு, நெடுக்கே நாலு இழுப்பு. துடைத்தான். நூற்றுப் பதினைந்து. மங்கல் இப்போது எலுமிச்சம்பழ அளவு.

இன்னொரு சுற்று. நூற்றுப் பதினொன்று. உள்ளங்கை அளவு.

வாசனை மாறியிருந்ததை அப்போதுதான் கவனித்தான். பாலிஷின் எண்ணெய் வாசனைக்குக் கீழே வேறொன்று. வெகுநாள் மூடிவைத்த டப்பாவைத் திறந்தாற்போல. பிறர் வாயருகே முகத்தைக் கொண்டுபோனாற்போல.

மூன்றாவது சுற்று. நூற்று ஆறு. விளக்கைச் சாய்த்தான்.

அவனுடைய பிம்பம் முட்டிபோட்டு அமர்ந்திருந்தது. வழக்கமாகக் கறுப்பு பெயிண்டில் தெரிகிற பிம்பத்துக்கு ஆழம் இருக்கும். நாம் எவ்வளவு தள்ளி நிற்கிறோமோ அவ்வளவு உள்ளே அதுவும் தள்ளி நிற்கும். இது அப்படி இல்லை. அவன் ஒரு முழம் தள்ளி இருந்தான். அது கதவை ஒட்டி, நெற்றியை வைத்து, அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. மங்கல் அதன் வாய் இருக்க வேண்டிய இடத்தில்.

இயந்திரத்தைக் கீழே வைத்தான்.

"நீ வண்டிய விட்டு இறங்கு. அந்தப் பக்கமா இறங்கு. வீட்டுக்குப் போ."

"என்னாச்சு?"

"சொன்னாக் கேளேன். இந்தக் கதவுகிட்ட மட்டும் வராத."

அதற்கு மேல் அவனுக்கு ஒன்று மட்டும் முக்கியமாகப் பட்டது. மேலே ஏதாவது போட்டு மூடிவிட வேண்டும். சீவியதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது; ஆனால் செராமிக் கோட்டிங் இருக்கிறது. அது திரவமாகப் போய் உட்கார்ந்து, காற்று பட்டு, கண்ணாடியாக இறுகும். தண்ணீர் ஒட்டாது. ஆவி புகாது. பாட்டில் கொட்டகையின் பின்கோடியில், வெப்பம் படாத அலமாரியில் இருந்தது. இருபது அடி. விளக்கை எடுத்துக்கொண்டு நடந்தான். அவனுக்குப் பின்னால் வண்டி இருட்டுக்குள் போனது.

அந்தப் பக்கத்துக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம். வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்தது.

"இதுக்கா இப்படி வேர்த்து ஊத்தறீங்க? என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன், மைக்ரான். துணியால தேய்ச்சாப் போகாதது கையால தேய்ச்சாப் போகும். இங்க பாருங்க."

"தொடாத."

ஒரு சத்தம். கண்ணாடியில் ஒட்டிய டேப்பை ஒரே இழுப்பில் உரிக்கிற மாதிரி. அவ்வளவுதான்.

ஓடி வந்தான். விளக்கு வெளிச்சம் சுவரில், கூரையில், டயரில், எங்கெங்கோ பட்டு வந்து நின்றது. அவள் கதவுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். முழுசாக. தோளைத் தொட்டான். இருந்தாள். உயிர் திரும்பி வந்தது அவனுக்கு.

"ஒண்ணும் ஆகலையே?"

அவள் தலையை ஆட்டினாள். கைகளை முன்பக்கம் கோத்து வைத்திருந்தாள். தோள் குளிர்ந்திருந்தது, சட்டைக்கு மேலேயே.

அப்போது கதவு பொங்கியது.

நாலு எண்ணி வந்த மூச்சு இல்லை. ஒன்றின் மேல் ஒன்று. வந்தது, வந்தது, வந்தது. மங்கல் கைப்பிடி வரைக்கும் ஏறியது. அதில் விரல்கள் பட்டு வழித்தன. ஐந்து கோடு. பிறகு பத்து. தகட்டுக்குள்ளிருந்து தட்டும் சத்தம், நகத்தால், மிக லேசாக, பக்கத்து வீட்டில் யாரோ தட்டுவதுபோல.

"கோபம் வந்துடுச்சு அதுக்கு," என்றான். "உன்னப் பிடிக்கப் பாத்து, முடியல."

"மூடுங்க," என்றாள் அவள். "சீக்கிரம்."

அவள் விளக்கைப் பிடித்தாள். அவன் மரக்கட்டையில் துணியைச் சுற்றினான். எட்டுத் துளி. குறுக்கே. நெடுக்கே. கதவில் எண்ணெய் வானவில் ஒன்று விரிந்தது. அது விரிந்தால் திரவம் இறுகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நிதானமாக அறுபது எண்ணிவிட்டுத் துடைக்க வேண்டும். எண்ணினான். வானவில்லுக்கு அடியில் ஓர் உள்ளங்கை அடித்தது. எண்ணினான். மறுபடி அடித்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு எண்ணினான். துடைத்தான்.

மூன்று கால் வைத்த சூட்டு விளக்கை இழுத்து வந்து கதவுக்கு நேரே திருப்பினான். சிவப்பாக எரிந்தது. ஒரு மணி நேரம். இருவரும் கவிழ்த்த வாளிகளில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டு டப்பா திறக்கப்படவில்லை. வேலை நடுவே வாய் ஓயாதவள், ஒரு வார்த்தை பேசவில்லை. பயந்திருப்பாள் என்று நினைத்தான். பாவம் என்று நினைத்தான். தட்டும் சத்தம் நாலைந்து மூச்சுக்கு ஒன்றாகக் குறைந்தது.

இரண்டாவது கோட். வானவில். அறுபது. துடைப்பு. சூடு.

மங்கல் எலுமிச்சை அளவானது. பொத்தான் அளவானது.

வந்தது. போனது.

வரவில்லை.

நூறு வரைக்கும் எண்ணிப் பார்த்தான். வரவில்லை. தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, மூச்சு என்ற ஒன்றை அன்றைக்கு முதல் தடவையாக ஆழமாக விட்டான். போய் ஷட்டரைத் தூக்கினான்.

நாலே முக்கால் மணி வெயில் மொத்தமாக உள்ளே விழுந்தது. வண்டி அப்படி ஒரு கறுப்பு. எதிர்ச்சுவர், மின்கம்பம், மேகம், எல்லாம் அதற்குள் தலைநிமிர்ந்து நின்றன. ஒரு கீறல் இல்லை. அவள் வந்து கதவின் முன்னால் நின்று, குனிந்து, கூந்தலைச் சரி செய்துகொண்டாள்.

அவளுடைய கட்டைவிரலில் நீல டேப் இருந்தது.

வலது கட்டைவிரலில்.

அவன் மூன்று சுற்றுச் சுற்றியது இடது கையில். தன் தொடைமேல் வைத்துக் கட்டினான். ஜன்னலுக்கு மேலே அவள் தூக்கி ஆட்டியதும் இடது கை. ஆனால் கோட்டிங் போட்டபோது இவள் விளக்கைப் பிடித்திருந்தது இடது கையால். அவள் ஸ்பூனைக்கூட இடது கையால் பிடிக்கத் தெரியாதவள். அவன் கதவைப் பார்த்தான். கதவுக்குள் எல்லாம் சரியாக இருந்தது. வெளியில்தான் இடம் வலம் மாறியிருந்தது.

கூந்தலைச் சரி செய்த கை கீழே இறங்கியது. கதவுக்குள் இருந்தவளின் கை இறங்கவில்லை.

இரண்டு உள்ளங்கையையும் விரித்து வைத்திருந்தாள். இடது கட்டைவிரலில் நீலம். டேப்பின் முனை பிரிந்து தொங்கியது. அவள் அவனைத்தான் பார்த்தாள். உதடுகள் ஒட்டின. பிரிந்தன. மறுபடி ஒட்டின. அவள் வைத்த அந்தப் பெயர் அப்படித்தான் தொடங்கும். உதடு ஒட்டித்தான் தொடங்கும். வாயைக் கதவோடு அழுத்தி, முழுசாகத் திறந்து கூப்பிட்டாள்.

வார்னிஷில் ஒரு துளி மங்கல்கூடப் படியவில்லை.

சட்டைப் பையிலிருந்து கருவி எப்படிக் கைக்கு வந்தது என்று அவனுக்குத் தெரியாது. அவளுடைய உள்ளங்கையின் மேல் வைத்தான். நூற்று எட்டு. நூற்று ஆறு பழையது. இரண்டு அவன் போட்டது.

வெளியே ஆட்டோ வந்து நின்றது. பல் டாக்டர் இறங்கி, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்தார். குனிந்து அந்தக் கதவை ரொம்ப நேரம் பார்த்தார். அதில் தெரிந்தவள் பக்கத்தில் நிற்கிறவளின் பிம்பம் என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

"அட, சுத்தமாப் போயிடுச்சே. எப்படி எடுத்தீங்க? சொல்றேன்னு சொன்னீங்களே?"

பக்கத்தில் நின்றவள் அவன் கையிலிருந்த கருவியை மெதுவாக வாங்கி, அவன் பையிலேயே திருப்பிப் போட்டாள். நீல டேப் சுற்றிய விரலால் பையின் மேல் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"எடுக்கல டாக்டர், மூடியிருக்கோம்," என்றாள். "ஒரு கோட் போட்டு ஒரு மணி நேரம் சூடு காட்டணும். அதுமேல இன்னொரு கோட், இன்னொரு மணி நேரம் சூடு. அவ்வளவுதான். உள்ள இருக்கறது உள்ளயே நின்னுடும்."